பன்னிரண்டு டென்ஸும் மனப்பாடம், ஆனால் போனை எடுத்தால் வாய் வரவில்லை: பெரியவர்களுக்கு இலக்கணத்தை எங்கே தொடங்குவது?

#1 மாடிவகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு, வாரத்தில் மூன்று நாள் மாலை ஏழரை முதல் ஒன்பது வரை பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது. 14 பேர் வருகிறார்கள், வயது 24 முதல் 57 வரை. பாதிப் பேர் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங், கட்டிங் வேலை. இரண்டு பேர் கடை வைத்திருக்கிறார்கள். மீதிப் பேர் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்த அம்மாக்கள்.

எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே நானும் ஆரம்பித்தேன். நவுன், ப்ரோநவுன், வெர்ப், அப்புறம் பன்னிரண்டு டென்ஸ் சார்ட். சுவரில் பெரிதாக ஒட்டியும் வைத்தேன். ஆறு வாரம் ஓடியது. போன புதன்கிழமை கோடிட்ட இடம் நிரப்பும் தேர்வு வைத்தேன், ஏறக்குறைய எல்லாருக்கும் நல்ல மார்க். செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா இருபதுக்கு பத்தொன்பது.

அவர் மாடியிலிருந்து இறங்கும்போதே கம்பெனி போன் வந்தது. மும்பையிலிருந்து யாரோ. அந்த அக்கா சொன்னது இது: "சார் நாட். ஹீ டோன்ட் கமிங். டுமாரோ கம்." அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அவருடைய தாளில் "ஹீ இஸ் நாட் கமிங்" என்பதற்கு நான் டிக் போட்டிருந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எதைத் தூக்கிப் போட வேண்டும், எதில் ஆரம்பிக்க வேண்டும், தமிழில் விளக்கலாமா கூடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மாவந்தேன்

வருஷத்துக்கே நமக்குப் பொழுது ஆறுதான். வெள்ளைக்காரனுக்கு மட்டும் எதுக்கு பன்னிரண்டு?

#3 ஓய்வூதியம்

31 ஆண்டுகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். சார்ட்டின் மீது இவ்வளவு கோபம் வேண்டாம், அம்மா. சார்ட் தப்பில்லை, அதை முதல் நாளே மாட்டியதுதான் தப்பு. "ஹேட் பீன் கோயிங்" என்று பேசுபவனை நான் பணியில் இருந்த காலம் முழுக்கச் சந்தித்ததில்லை. ஆனால் வருடா வருடம் நடத்தினேன். கேள்வித்தாளில் வரும், இரண்டு மார்க்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு நோட்டில் எழுதிக்கொள்ள ஏதாவது வேண்டும். வெறுமனே பேசிக்கொண்டிருந்தால் "இன்னைக்கு வாத்தியார் ஒண்ணும் நடத்தலை" என்று எழுந்து போய்விடுவார்கள். விதி என்று ஒன்றை எழுதிப் போட்டால்தான் அவர்களுக்கு வகுப்புக்கு வந்த நிறைவு. இலக்கணமே வேண்டாம் என்று இங்கே யாராவது சொல்ல வருவார்கள், அதை நம்பாதீர்கள்.

#4 சொல்லாய்வு

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை ஐயா. முதலில் எந்த இலக்கணம் என்பதுதான் கேள்வி.

அந்த அக்கா பேசியதை எடுத்துக்கொள்வோம். "சார் நாட்." இது பாதி ஆங்கிலம் இல்லை, முழுத் தமிழ். "சார் இல்லை" என்பது தமிழில் முழு வாக்கியம். "நான் செக்கிங்", "இது என் வீடு", "அவர் நல்லவர்" இவற்றில் எங்கே வினைச்சொல் இருக்கிறது? நமக்குத் தேவையே இல்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல் இல்லாவிட்டால் வாக்கியம் எழுந்து நிற்காது. அதனால் முதல் பாடம் டென்ஸ் இல்லை. "ஆம்", "இஸ்", "ஆர்" மூன்றும்தான். இரண்டு வாரம் அது மட்டும். பெயர், ஊர், வேலை, வயது, உடம்புக்கு எப்படி, சரக்கு எங்கே இருக்கிறது, எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

இரண்டாவது, "எனக்கு". எனக்குப் பசிக்கிறது, எனக்கு இரண்டு பிள்ளைகள், எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும். தமிழில் நான்கும் ஒரே அச்சு. ஆங்கிலத்தில் நான்கிலும் "ஐ" முன்னால் வந்து நிற்கிறது, பின்னால் வரும் சொல் மாறிக்கொண்டே போகிறது: ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹேவ் டூ சில்ட்ரன், ஐ நோ, ஐ வான்ட். "மீ" என்று ஆரம்பிக்கிறவர்களைக் கவனியுங்கள், அவர்கள் மனதில் ஓடுவது "எனக்கு".

இப்போது "டோன்ட் கமிங்". இதுதான் தமிழர்களுக்கு முக்கியமான முடிச்சு. "அவர் வரவில்லை" என்று ஒரு வாக்கியம். நேற்று வரவில்லை என்றாலும் அதே சொல், இப்போது வந்துகொண்டில்லை என்றாலும் அதே சொல். ஆங்கிலத்தில் முதலாவது "டிட்ன்ட் கம்", இரண்டாவது "இஸ்ன்ட் கமிங்". இரண்டு குடும்பங்கள் என்று சொல்லுங்கள். ஆம், இஸ், ஆர் ஒரு குடும்பம். டூ, டஸ், டிட் இன்னொரு குடும்பம். இரண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. "இங்" இஸ் வீட்டுப் பிள்ளை, டூ வீட்டுக்குள் கால் வைக்காது. இதைத் தமிழில் சொன்னால் ஐந்து நிமிடம். ஆங்கிலத்திலேயே சொல்லிப் பாருங்கள், ஒரு மாதம் ஆகும்.

அதே நேரம் தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. "வருவதில்லை" என்றால் டஸ்ன்ட் கம். "வரமாட்டார்" என்றால் வோன்ட் கம். இந்த வித்தியாசம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. காட்டிக் கொடுத்தால் போதும்.

பன்னிரண்டு டென்ஸ் பற்றி ஒரு தகவல். 1999-ல் வெளிவந்த லாங்மன் பேச்சு எழுத்து ஆங்கில இலக்கண நூலுக்காக சுமார் 4 கோடிச் சொற்களைத் தொகுத்து எண்ணிப் பார்த்தார்கள். "ஹேவ்" சேராத, "இங்" சேராத எளிய வடிவங்களே ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது. மிச்சம் ஒரு பங்குக்காகத்தான் நாம் ஆறு வாரம் செலவழிக்கிறோம்.

#5 மாடிவகுப்பு

"இங் இஸ் வீட்டுப் பிள்ளை" என்பதை எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். "ஷீ கோஸ்" என்பதில் கடைசியில் வரும் அந்த "ஸ்"? எத்தனை தடவை சொன்னாலும் விட்டுவிடுகிறார்கள். தேர்வில் எழுதுகிறார்கள், வாயில் வருவதில்லை.

#6 சொல்லாய்வு

விட்டுவிடுங்கள். முதல் வருடம் அதற்காக யாரையும் நிறுத்தாதீர்கள்.

1974-ல் நியூயார்க்கில் பெய்லி, மேடன், க்ராஷன் மூவரும் 73 பெரியவர்களைச் சோதித்தார்கள். ஸ்பானிஷ் பேசுபவர்களும் வேறு 11 மொழிக்காரர்களும் இருந்தார்கள், வயது 17 முதல் 55 வரை. தாய்மொழி எதுவானாலும் "இங்", பன்மை, "இஸ்" போன்றவற்றில் பிழை குறைவு. இந்தக் கடைசி "ஸ்" எல்லாருக்கும் கடினமானவற்றில் ஒன்று. விதியாகப் பார்த்தால் அதைவிட எளிய விதி கிடையாது. ஆனால் பொருளுக்கு அது தேவையில்லை, "ஷீ" என்று முன்னமே சொல்லியாயிற்று. காது அதைப் பொருட்படுத்துவதில்லை.

இந்த வரிசை எல்லா மொழிக்காரர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானியர், கொரியர், சீனருக்கு பன்மையும் "அ", "த" என்ற ஆர்ட்டிகிள் இரண்டும் இன்னும் தாமதமாகத்தான் வருகின்றன என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். நமக்கும் பன்மையில் சிக்கல் வரும். "ரெண்டு சட்டை" என்கிறோம், "ரெண்டு சட்டைகள்" என்று கடையில் யார் கேட்கிறார்கள்?

#7 ஓய்வூதியம்

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். "ஷீ கோ" என்று பேசுகிறவரை இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவன் ஒரு பார்வை பார்ப்பான். ஆராய்ச்சிக்காரருக்கு அந்தப் பார்வை விழாது, நம் ஆளுக்குத்தான் விழும். பிழை என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் விடுவது அவரை ஏமாற்றுவது இல்லையா?

#8 சொல்லாய்வு

நியாயமான கேள்வி. எழுதும்போது திருத்துங்கள், பேசும்போது விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பேச்சில் அது தானாக வரும் நாள் வரை காத்திருக்கலாம். இன்டர்வியூவுக்குப் போகிறவர் என்றால் அவருக்கு வேண்டிய பத்து வாக்கியங்களை "ஸ்" சேர்த்தே மனப்பாடம் செய்ய வைக்கலாம். அது இலக்கணம் இல்லை, ஒத்திகை. அதில் தப்பில்லை.

#9 பனிக்காலத்தான்

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். 41 வயதில் இங்கே வந்து லிங்க் வகுப்புக்குப் போனவன். புதிதாக வருபவர்களுக்காக அரசு காசில் 1992-ல் தொடங்கிய வகுப்புகள் அவை. 18 முதல் 54 வயது வரையில் இருப்பவர்கள் குடியுரிமைக்கு நாலாம் நிலை ஆங்கிலமோ பிரெஞ்சோ காட்ட வேண்டும், அதனால் எல்லோரும் வருவார்கள்.

எங்கள் வகுப்பில் ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. சோமாலி, தாரி, ஸ்பானிஷ், மண்டரின், எல்லாம் ஒரே மேசையில். இலக்கணம் என்று பலகையில் எழுதியது குறைவு. பஸ்ஸில் கேட்பது, டொக்டரிடம் சொல்வது, வீட்டுக்காரனுக்கு ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று போன் எடுப்பது, இப்படித்தான் போகும். முதல் மூன்று மாதம் நான் வாயே திறக்கவில்லை. "ஹேவ் கம்", "கேம்" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கவும் ஆங்கிலம் வேண்டுமே.

அதை விளங்கப்படுத்தியது பேக்கரியில் என்னோடு இரவு வேலை செய்த ஒரு பெடியன். மாவு குழைத்துக்கொண்டே சொன்னான், "அண்ணை, கேம் எண்டால் வந்தனான். ஹேவ் கம் எண்டால் வந்திருக்கிறன்." அவ்வளவுதான். மூன்று மாதப் பாரம் இறங்கியது.

ஆனபடியால் தமிழில் விளக்குவதற்கு நான் ஆதரவு. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த வகுப்பு முழுக்கத் தமிழாக இருந்திருந்தால் நான் இன்றைக்கும் ஆங்கிலத்தைப் பற்றித் தமிழில் கதைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். பக்கத்தில் இருந்த சோமாலி அம்மாவுக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்க எனக்கு ஆங்கிலத்தை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

#10 சொல்லாய்வு

அந்தத் தம்பி சொன்னது அருமை. ஒரே ஓர் எச்சரிக்கை. நாம் "நேற்று வந்திருக்கார்" என்று சொல்லலாம், ஆங்கிலத்தில் "ஹேவ் கம் யெஸ்டர்டே" கிடையாது. நேற்று, போன வாரம், மணி எல்லாம் வந்துவிட்டால் "ஹேவ்" வெளியே போய்விடும். இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

#11 சும்மாவந்தேன்

எங்க ஆஃபீஸ்ல மேனேஜர் முதல் எல்லாரும் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்"தான். என்ன குடி முழுகிப் போச்சு?

#12 சொல்லாய்வு

எதுவும் முழுகவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? தமிழில் யாரும் "எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துகிட்டிருக்காங்க" என்று சொல்வதில்லை. ஆக, பழியைத் தமிழ் மேல் மட்டும் போட முடியாது. பள்ளியில் "கிறேன் என்றால் இங்" என்று சொல்லிக் கொடுத்தோமே, பெரும்பாலும் அங்கேதான் வேர். "வேலை செய்கிறேன்" என்பதற்குத் தினமும் செய்கிறேன் என்றும் பொருள், இப்போது செய்கிறேன் என்றும் பொருள். எல்லாக் "கிறேன்"களையும் "இங்" பெட்டியில் போட்டால் "ஐ ஆம் நோயிங்" வந்தே தீரும். "தினமும்" சேர்த்துச் சொல்ல முடிந்தால் ஐ ஒர்க், "இப்போ" சேர்த்தால் ஐ ஆம் ஒர்க்கிங். இந்த இரண்டு சொற்களும் போதும்.

ஓய்வூதியம் ஐயா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

#13 ஓய்வூதியம்

கோபம் எதற்கு? "கிறேன் என்றால் இங்" என்று நானே ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்.

#14 கட்டிங்மாஸ்டர்

எல்லாருக்கும் வணக்கங்க. நான் சொல்லிக் கொடுக்கிற ஆள் இல்லை, படிக்கப் போன ஆள். வயசு 48, எட்டாவதோட நின்னவன். இந்த மாடி வகுப்பு இல்லை, வேற ஒரு இடத்துல காசு கட்டி நாலு மாசம் போனேன். தமிழ் டைப்பிங் இப்பத்தான் பழகினது, பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க.

அங்கே முதல் நாள் ஏ ஃபார் ஆப்பிள்னு ஆரம்பிச்சாங்க. நான் இருபத்தஞ்சு வருஷமா ஆங்கிலத்துலதான் வேலை பார்க்கிறேன். ஃபேப்ரிக், லே, பேட்டர்ன், ஷேடு, ஜிஎஸ்எம், மெஷர்மென்ட், டாலரன்ஸ், ரிஜெக்ஷன், ஷிப்மென்ட், இதெல்லாம் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரும். பூ கூடை கூடையா இருக்குதுங்க, கட்ட நார்தான் இல்லை. அதை விட்டுட்டு ஆப்பிளை எங்கிட்ட காட்டினா எப்படி?

அப்புறம் இந்த "ஹீ", "ஷீ". பையர் ஆஃபீஸ்ல இருந்து ஒரு மேடம் வருவாங்க. நான் அவங்களைப் பத்தி எங்க மெர்ச்சன்டைசர்கிட்ட "ஹீ செட் ஓகே"ன்னு சொல்லிட்டேன். ஆம்பளை பொம்பளை எனக்குத் தெரியாமலா? மரியாதைக்கு "அவர்"னு மனசுல வருது, அது வாயில ஹீயா வந்துடுது. வகுப்புல இதைச் சொன்னப்ப அந்த சார் எல்லார் முன்னாடியும் சிரிச்சுட்டார். அடுத்த வாரம் நான் போகலை. திருத்தறது வேணும்ங்க. ஆனா இருபது வயசுப் பசங்க பார்த்துட்டு இருக்கும்போது வேண்டாம்.

#15 மாடிவகுப்பு

அண்ணா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். "அவர்" விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. என் வகுப்பிலும் அதே பிழை இருக்கிறது, நான் அதை ஆள் தெரியாத பிழை என்று நினைத்திருந்தேன்.

திருத்துவதை எப்படிச் செய்வது? பெரியவர்கள், சிலர் என் அப்பா வயது. முகத்துக்கு நேரே "தப்பு" என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, விட்டுவிட்டால் பழகிவிடுமோ என்று பயமும் இருக்கிறது.

#16 ஓய்வூதியம்

இதற்கு நான் பதில் சொல்லலாம், தப்பாகச் செய்தவன் என்ற முறையில். கட்டுரை நோட்டில் ஒரு பிழையும் விடாமல் சிவப்பு மையில் திருத்துவேன். மூன்று பக்கம் எழுதியவனுக்கு நாற்பது சிவப்புக் கோடு, ஐந்து வரி எழுதியவனுக்கு நான்கு. டிசம்பருக்குள் எல்லாரும் ஐந்து வரிதான் எழுதினார்கள். பையன்கள் புத்திசாலிகள்.

பேச்சில் ஒரு வழி உண்டு. அவர் "ஹீ கம் லேட்" என்றால் நீங்கள் இயல்பாக "ஓ, ஷீ கேம் லேட்? வொய்?" என்று கேளுங்கள். பேச்சு அறுபடாது, சரியான வடிவம் காதில் விழும். எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது, சிலர் "யெஸ்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். அதற்குத்தான் நோட்டு. பலரும் செய்த பிழைகளில் மூன்றைப் பெயர் சொல்லாமல் அடுத்த வகுப்பில் பலகையில் எழுதுங்கள். யாருடையது என்று அவரவருக்குத் தெரியும்.

#17 பனிக்காலத்தான்

மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதை நானும் வழிமொழிகிறேன். எங்கள் ஆசிரியை வியாழன்தோறும் அதைத்தான் செய்வா.

#18 சொல்லாய்வு

கட்டிங் மாஸ்டர் அண்ணன் சொன்னதை ஒட்டி ஒரு பழைய கதை. 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கற்பித்தல் நிபுணர் என். எஸ். பிரபு தென்னிந்தியாவில் ஒரு முயற்சி நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகம் முழுக்கப் பெயர், ஆனால் பெங்களூரில் மட்டுமல்ல, சென்னையிலும் கடலூரிலும்கூடப் பள்ளிகளில் நடந்தது. இலக்கணத்தைத் தனியாக நடத்தவே இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் இவற்றைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் எத்தனை மணிக்குச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே போகும் என்பது அவர் கட்சி. இன்றைக்கு உலகமெங்கும் டாஸ்க் முறை என்று நடத்துவதற்கு அது ஒரு முன்னோடி.

அதே போல இங்கே ரயில் அட்டவணைக்குப் பதில் பேக்கிங் லிஸ்ட். எத்தனை கார்ட்டன், எந்த ஷேடில் எத்தனை பீஸ் குறைகிறது, யாருக்குச் சொல்ல வேண்டும்.

#19 ஓய்வூதியம்

பிரபு நடத்தியது பள்ளிப் பிள்ளைகளுக்கு, தினமும் வகுப்பு. இவர்கள் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வாரத்தில் நாலரை மணி நேரம் வருகிறவர்கள். தானாக உள்ளே போகும் வரை காத்திருக்க நேரம் ஏது? பேக்கிங் லிஸ்ட் நல்ல யோசனை, செய்யட்டும். கடைசிப் பதினைந்து நிமிடம் பலகைக்குப் போகட்டும்.

#20 சொல்லாய்வு

சரி, அதில் சண்டை இல்லை.

#21 மாடிவகுப்பு

ஏழு வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆர்டர் சீசன், பாதி நாள் வகுப்புக்கு ஆளே இல்லை.

சார்ட்டைக் கழற்றிவிட்டேன். ஆம், இஸ், ஆர் இரண்டு வாரம் என்றீர்கள், எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. இரண்டு குடும்பக் கதை சூப்பராக எடுபட்டது. இப்போது யாராவது "டோன்ட் கமிங்" என்றால் பின்னாலிருந்து "வீடு மாறிப் போச்சு" என்று குரல் வருகிறது. அது கேலியாகவும் ஆகிவிடக் கூடாது என்று கவனமாக இருக்கிறேன்.

பேக்கிங் லிஸ்ட் முதல் நாள் சொதப்பல். எல்லாரும் வேகமாகத் தமிழிலேயே கணக்கைப் போட்டு முடித்து "ஃபார்ட்டி டூ" என்று விடையை மட்டும் சொன்னார்கள். பிறகு ஒருவர் கையில் லிஸ்ட், இன்னொருவர் கையில் வெறும் தாள், இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசுவது போலப் பேச வேண்டும் என்று மாற்றினேன். முகம் தெரியாது, கையை ஆட்டிக் காட்ட முடியாது. அப்போதுதான் வாக்கியம் வந்தது.

14 பேர் இப்போது 11. இரண்டு பேருக்கு நைட் வேலை. ஒருவர் சார்ட்டைக் கழற்றியதும் "இங்கே கிராமர் நடத்தறதில்லை" என்று நின்றுவிட்டார். ஓய்வூதியம் சார் முன்னமே சொன்னார்.

அந்த அக்கா போன வாரம் போனில்: "சார் இஸ் நாட் ஹியர். ஹீ வில் கம் டுமாரோ. ஹீ கம் அட் டென் ஓ கிளாக் டெய்லி." ஒரு "ஸ்" குறைகிறது. நான் விட்டுவிட்டேன்.

#22 ஓய்வூதியம்

எழுதும்போது போடுகிறாரா?

#23 மாடிவகுப்பு

போடுகிறார் சார். சில நேரம் "ஐ கோஸ்" என்று எனக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்.

#24 கட்டிங்மாஸ்டர்

அக்கா, இடம் இருந்தா நானும் மாடிக்கு வரலாமுங்களா? அப்படியே ஒரு கேள்வி. இந்த "த" எங்கே போடணும், எங்கே "அ" போடணும்? நான் எல்லாத்துக்கும் "த" போட்டுடறேன்.

#25 சொல்லாய்வு

அதற்குத் தனி இழையே வேண்டும் அண்ணா. இப்போதைக்கு ஒரு பிடி மட்டும். "சட்டை கொண்டு வா", "சட்டையைக் கொண்டு வா" இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? முதலாவதில் எந்தச் சட்டையாக இருந்தாலும் சரி. இரண்டாவதில் உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தச் சட்டை. அந்த "ஐ" உருபு வருகிற இடத்தில் பெரும்பாலும் "த" வரும்: பிரிங் அ ஷர்ட், பிரிங் த ஷர்ட். எல்லா இடத்துக்கும் ஒத்துவராது, மனிதர்களைச் சொல்லும்போது "ஐ" பெரும்பாலும் எப்படியும் வரும் என்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. பொருள்களுக்குப் போட்டுப் பாருங்கள்.

#26 கட்டிங்மாஸ்டர்

துணி வெட்டிட்டு இருக்கேன்னா, சும்மா வேலையா இருக்கேன்னு அர்த்தம். துணியை வெட்டிட்டேன்னா எந்த லாட்டுன்னு மெர்ச்சன்டைசருக்குத் தெரியும், உடனே ஓடி வருவார். ஆமாங்க, வேறதான். இத்தனை வருஷமா சொல்லிட்டு இருந்திருக்கேன்.

#27 மாடிவகுப்பு

திங்கள், புதன், வெள்ளி ஏழரைக்கு அண்ணா. ஷீட் ஒழுகுகிறது, மழை நாளில் குடை எடுத்து வாருங்கள்.